பழைய கேம் சிடியும் இடவப்பாதி மழையும்

நேயர்களுக்கு வணக்கம்.

களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை, வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு நம் குமரி மாவட்டத்தில் குறைவு. லீவுக்கு வந்தவர்களின் பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் பால்பொடி டின்னுக்கும் நடுவே, சில வீடுகளுக்கு ஒரு சாம்பல் நிற ப்ளேஸ்டேஷன் கேம் மிஷினும் வந்து இறங்கியது. அன்று அதில் விளையாடிய பிள்ளைகள் இன்று பரணிலிருந்து அதை இறக்குகிறார்கள். சிலர் பழைய கேம் சிடிகளைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறார்கள். மிஷின் ஓடுகிறது, சிடி ஓடமாட்டேன் என்கிறது என்பதுதான் அடிக்கடி கேட்கிற புகார். சிடி ஏன் கெடுகிறது, நம்மூர் ஈரத்தில் அதை எப்படிக் காப்பது, அதுதான் இன்றைய பேச்சு.

ஒரு சிடியை வாங்குமுன் என்ன பார்ப்போம்? திருப்பி, மின்னுகிற பக்கத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்போம். கீறல் இல்லையென்றால் நல்ல சிடி என்று காசைக் கொடுத்துவிடுவோம். தயவுசெய்து இன்னொரு முறை திருப்புங்கள். படம் அச்சடித்த பக்கத்தைப் பாருங்கள். சிடியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

காரணம் சொல்கிறேன். சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அத்தனையும் பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். விவரங்கள் பொடிக் குழிகளாகப் பதிந்திருப்பது இந்தப் பிளாஸ்டிக்கின் மேல்முகத்தில், அதாவது படத்துக்கு நேர் கீழே. அதன்மேல் ஓர் அலுமினியப் பூச்சு. ஒரு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், பத்தில் ஒரு பங்குகூட வராது. அதற்குமேல் சில மைக்ரான் வார்னிஷ், அதற்குமேல் அச்சு மை. அவ்வளவுதான் பாதுகாப்பு. பேனா முனை, நகம், இன்னொரு சிடியின் விளிம்பு, எது ஆழமாக உரசினாலும் அலுமினியம் பெயர்ந்துவிடும். மிஷின் படிப்பது அலுமினியத்தில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியை. பெயர்ந்த இடத்தில் லேசர் திரும்பி வராது. அதற்கு வைத்தியமே கிடையாது.

மின்னுகிற பக்கத்துக் கீறல் அப்படியல்ல. லேசர் அந்தப் பக்கத்தில் நுழையும்போது ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தாண்டிக் குழியைத் தொடும்போது ஒன்றரை மைக்ரான் அளவுக்குக் குவிந்துவிடும். தூரத்துத் தென்னையைப் பார்க்கிறவனுக்கு ஜன்னல் கண்ணாடித் தூசி தெரியாததுபோல, மெல்லிய கீறல் லேசருக்குத் தெரியாது. கொஞ்சம் தவறிப்போனாலும் சிடியிலேயே பிழை திருத்தும் கணக்கு எழுதியிருக்கிறது. குழிகள் சுற்றிச் சுற்றி வரிசையாக ஓடும் தடத்தில் தொடர்ந்து இரண்டரை மில்லிமீட்டர் வரை போனால்கூட அது மீட்டுக் கொடுத்துவிடும்.

இதனால்தான் சொல்வது: துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நேர்க்கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளியைத்தான் வெட்டும், கணக்கு அதை மீட்டுவிடும். வட்டக்கீறல் தடத்தோடு கூடவே ஓடி, ஒரே இடத்தில் நீளமாகத் தின்றுவிடும். எக்ஸ்பாக்ஸ் 360 ஓடிக்கொண்டிருக்கும்போது மிஷினைச் சாய்த்தால் விழும் வளையக்கீறல் இந்த வகை. ஆகவே நடுவிலிருந்து ஓரத்துக்கு, வட்டமாக வேண்டாம்.

முதல் ப்ளேஸ்டேஷன்காரர்களுக்கு ஓர் அறிகுறி. அதில் இடையிடையே ஓடும் சினிமாத் துண்டுகள் நிற்காமல் ஓடியாக வேண்டும். தவறிய இடத்தை மறுபடி படிக்க நேரம் இருக்காது. எனவே சிடி நலியத் தொடங்கினால் முதலில் திக்குவது படம். அப்போதே இன்னொரு சிடியைப் போட்டுப் பாருங்கள். அதுவும் திக்கினால் குற்றம் பெரும்பாலும் மிஷினின் லென்ஸில்.

மறுபடி அச்சுப் பக்கத்துக்கே வருகிறேன், விடுவதாயில்லை. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் என்று ஓர் ஊர். பிலிப்ஸும் டூபாண்டும் சேர்ந்து அங்கே ஒரு சிடி ஆலை நடத்தின. 1988 முதல் 1993 வரை அங்கே அச்சான பாட்டு சிடிகளில் ஒரு பகுதி, பிறகு ஓரத்திலிருந்து பழுப்பேறி வெண்கல நிறமானது. வாங்கிய நாளிலிருந்து பெட்டியைவிட்டு அதிகம் வெளியே வராத சிடிகளும் இதில் சேர்த்தி. யார் கீறினார்கள்? யாருமில்லை. அந்த சிடிகளில் அலுமினியத்துக்குப் பதில் வெள்ளிப் பூச்சு. மேலே அடித்த வார்னிஷுக்குக் கந்தகத்தைத் தடுக்கும் சக்தி இல்லை. கந்தகம் எங்கிருந்து வந்ததென்றால், பெட்டிக்குள் கூடவே வைத்த பாட்டுப் புத்தகத்தின் காகிதத்திலிருந்து! கம்பெனி பல வருடம் சிடிகளை மாற்றிக் கொடுத்தது. மின்னுகிற பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லாத சிடி, மேல்பக்கத்தின் வழியாகச் செத்தது. ‘கண்ணாடி மாதிரி இருக்கு சார்’ என்று யாராவது விற்க வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் முறை எளிது. இருட்டு அறையில், மின்னுகிற பக்கத்துக்குக் கீழே மொபைல் டார்ச்சை வைத்து, படப் பக்கத்திலிருந்து பாருங்கள். ஊசிமுனைப் புள்ளிகளாக வெளிச்சம் வருகிறதா? ஒன்றிரண்டு புள்ளி ஆலையிலிருந்தே வந்திருக்கலாம், பதற வேண்டாம். போட்டோ எடுத்து வைத்து, ஆறு மாதம் கழித்து ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் அரிப்பு நடக்கிறது. ப்ளேஸ்டேஷனின் கறுப்பு சிடியில் சாதாரண வெளிச்சம் லேசில் கடக்காது, பலமான டார்ச் வேண்டும். லேசர் அகச்சிவப்பு என்பதால் அதற்கு அந்தக் கறுப்பு தடையே இல்லை.

டிவிடி வேறு கட்டுமானம். 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டு, விவரம் நடுவில், பசை போட்டு ஒட்டியது. மேல்கீறல் பயம் குறைவு, வளைத்தால்தான் ஆபத்து. ப்ளேஸ்டேஷன் 2 டிஸ்கை டப்பாவிலிருந்து பிடுங்காதீர்கள். நடுக்குமிழை ஒரு விரலால் அழுத்தி, பைய எடுங்கள். நடுத்துளையில் விரிசல் விட்ட டிஸ்கைக் கம்ப்யூட்டர் டிரைவில் போடவே வேண்டாம், வேகத்தில் சிதறலாம். ப்ளூரே டிஸ்கின் மின்னுகிற பக்கத்தில் விவரத்தை மூடியிருப்பது 0.1 மில்லிமீட்டர் படலம் மட்டும். அதை ஒருபோதும் தேய்க்கக் கூடாது.

நம் பக்கம் புழங்கியதில் பெரும்பங்கு காப்பி சிடி, அதையும் சொல்லிவிட வேண்டும். அதில் குழி கிடையாது, சாயத்தைச் சுட்டு எழுதியது. சாயம் வெயிலில் வெளுக்கும். அடிப்பக்கம் பச்சையோ நீலமோ சாயல் அடித்து, எழுதிய பகுதிக்கும் எழுதாத பகுதிக்கும் நடுவே ஒரு வளையம் தெரிந்தால் அது காப்பி. கறுப்பிலும் காப்பி சிடி வந்திருக்கிறது, நிறத்தை மட்டும் நம்பி ஒரிஜினல் விலை கொடுக்காதீர்கள்.

இனி மழை. நமக்குத் தென்மேற்குப் பருவத்தின் இடவப்பாதியும் உண்டு, வடகிழக்குப் பருவத்தின் துலாமழையும் உண்டு. குளச்சல் பக்கம் உப்புக்காற்று வேறு. சிடி வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம் இருக்கட்டும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2003 இல் சொன்னது. நம் வீட்டுப் பரணில் மழைக்காலத்தில் 50 என்பது கனவு. ஈரத்தால் என்ன வரும்? 2001 இல் ஸ்பெயின் நாட்டு நிலவியலாளர் கார்சியா கினேயா ஒரு செய்தி சொன்னார். மத்திய அமெரிக்காவின் பெலீஸில், நம்மைப்போல வெக்கையும் ஈரமும் உள்ள ஊரில், ஒரு சிடி ஓடாமல் போனது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை! ஓரத்து வழியாக உள்ளே நுழைந்து, அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் தின்றிருந்தது. அது அபூர்வம்தான். நம் வீடுகளில் சாதாரணமாக வருவது மேலே படரும் பூஞ்சை, அதைக் கழுவிவிடலாம். கிளைகிளையாக உள்ளே ஓடியிருந்தால் கழுவிப் பயனில்லை.

கழுவுவதற்கு ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், விரல் நுனி. கடைசியில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசினால் உப்புக்கறை வராது. ஊறப் போடாதீர்கள். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். பிசுக்கு இருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி எதுவும் ஆகாது. பாலிகார்பனேட் வெந்து விரிசல் விடும்.

வைக்க இறுக்க மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. 20 லிட்டர் பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் போடலாம். செருப்புப் பெட்டியோடு வந்த பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், அதை நம்பாதீர்கள். நிறம் மாறுகிற ஆரஞ்சு வகை வாங்கினால், பச்சையாகும்போது ஓவனில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று இருக்கட்டும். சிடிகள் நின்ற நிலையில் இருக்க வேண்டும். பெட்டியைப் பரணில் வேண்டாம், மழைச் சுவரை ஒட்டியும் வேண்டாம். பாச்சை உருண்டை கூடவே கூடாது, அதன் ஆவி டப்பாவின் பிளாஸ்டிக்கை இளக்கும். வழவழப்பான பிவிசி பவுச்சும் வேண்டாம். வெக்கையில் அதிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு இறங்கி சிடியில் ஒட்டும். பழைய சேகா கம்பெனி கேம் சிடி டப்பாக்களுக்குள் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு வைத்திருப்பார்கள். ஒரிஜினல் என்று அதைப் போற்ற வேண்டாம். நம்மூர் ஈரத்தில் அது பிசினாகி அச்சுப் பக்கத்தில், பாருங்கள் மறுபடி அச்சுப் பக்கம், ஒட்டிக்கொள்ளும். எடுத்துத் தனியே வையுங்கள்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். பாலிஷ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டூத்பேஸ்ட் வைத்தியம் எனக்குச் சம்மதமில்லை, ஒரு கீறலைக் கரைத்து நூறு பொடிக்கீறலைத் தரும். மிஷின் பாலிஷ் நல்லதே, ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிளாஸ்டிக் போய்விடும். மேல்பக்கம் கெட்டிருந்தால் கீழ்ப்பக்கப் பாலிஷால் பயனில்லை.

கம்ப்யூட்டரில் நகல் எடுப்பது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரமில்லை. சிடி நன்றாக ஓடும்போதே முழுப் பிரதி எடுங்கள், ப்ளேஸ்டேஷன் 1 சிடி என்றால் ‘பின்’ (.bin), ‘க்யூ’ (.cue) என்ற இரண்டு வகைக் கோப்புகளாக. ரீடம்ப் (Redump) என்ற இணையதளத்தின் பட்டியலில் அந்த கேமுக்கு உள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பாருங்கள், ஒத்தால் சிடி முழுசு. சேகாவின் ட்ரீம்காஸ்ட் மிஷினுடைய டிஸ்கின் முக்கியப் பகுதியைச் சாதாரண டிரைவ் படிக்காது, அதற்கு வேறு வழி இருக்கிறது, அது இன்னொரு நாள். வணக்கம்.