கறியோடு பழம் சேருமா? வீரவநல்லூர்த் தங்கச்சி கேட்ட சந்தேகம்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன். வீரவநல்லூரில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். ஆட்டுக்கறி சீக்கிரம் வேகட்டும் என்று பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி ராத்திரி முழுக்க வைத்தாராம். காலையில் சுக்கா வறுக்கப் போட்டால் கறி துண்டாகவே நிற்காமல் மாவாகக் கரைந்துவிட்டதாம். அதைப் பார்த்த அத்தை, "பழமும் கறியும் சேரவே கூடாது, வயிற்றுக்கு ஆகாது, நம்ம வீட்டுப் பழக்கமும் இல்லை" என்று சொல்லிவிட்டார்களாம். "அக்கா, சேர்க்கலாமா கூடாதா? சேர்த்தால் எதை எப்போது போடுவது?" என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் சேர்க்கலாம் தங்கச்சி. ஆனால் பழத்தை எதற்காகப் போடுகிறோம் என்பதை அடுப்புப் பற்றவைக்கும் முன்னாலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். புளிப்புக்கா, கறியை இளக்குவதற்கா, இனிப்புக்கா? அதைப் பொறுத்துத்தான் போடுகிற நேரம் வரும். நீங்கள் போட்ட பழத்தில் குறை இல்லை, வைத்த நேரம்தான் கூடிப்போயிற்று.

முதலில் பப்பாளியைப் பார்த்துவிடுவோம். காயைக் கீறினால் வெள்ளையாகப் பால் வடிகிறது இல்லையா, அதில் பப்பைன் என்று ஒரு என்சைம் இருக்கிறது. அது புரதத்தை அறுக்கும். கறியின் நார்கள் புரதம்தானே, அதனால் இளகுகிறது. காயில்தான் அது நிறைய. பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். போன மாதம் ஒருவர், "பழுத்த பப்பாளியைப் பிசைந்து போட்டேன், கறி அப்படியே கிடக்கிறது" என்று எழுதியிருந்தார். அதற்கும் பதில் இதுதான். தோலை ஒட்டிப் பால் அதிகம் இருப்பதால், நன்றாகக் கழுவித் தோலோடு அரைத்தால் கொஞ்சம் போட்டாலே போதும்.

இந்தப் பப்பைன் இத்தனை அறுத்தால் போதும் என்று நிற்காது. விட்டால் அறுத்துக்கொண்டே இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் வேகம் குறையுமே தவிர நிற்பதில்லை. அதுவும் கறிக்குள்ளே ஆழமாக இறங்காது, மேற்புறத்தைத்தான் தின்னும். ராத்திரி முழுக்க வைத்தால் வெளிப்பக்கம் குழைந்து போயிருக்கும், நடுவில் நார் நாராகவே கிடக்கும். உங்கள் கறியும் அப்படிக் குழைந்துதான் வறுக்கும்போது கரைந்தது. இன்னொன்றும் இருக்கிறது. அது மும்முரமாக வேலை செய்வது 60, 70 டிகிரிச் சூட்டில். நன்றாகக் கொதி வந்த பிறகுதான் அடங்கும். அதனால் பப்பாளி பிசறிய கறியைச் சிறு தீயில் வைத்து மெதுவாகச் சூடேற்றினால், அந்த நேரத்திலேயே பாதிக் கறி குழைந்துவிடும். சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, பெருந்தீயில் சட்டென்று சூடேற்ற வேண்டும்.

கணக்கு சொல்கிறேன். அரைக் கிலோ ஆட்டுத் தொடைக்கறிக்குப் பப்பாளிக்காய் விழுது ஒரு மேசைக்கரண்டி. அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி. முற்றின கிடாய்க்கறி என்றால் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். முற்றின சேவலுக்கு அரை மணியே அதிகம். பிராய்லர் கோழிக்கு வேண்டவே வேண்டாம், அது ஏற்கெனவே பஞ்சாக இருக்கிறது.

குழம்புக்கும் பப்பாளி தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நெஞ்செலும்பு, முன்னங்கால் கறியில் எல்லாம் கொலாஜன் என்கிற கெட்டியான நார் இருக்கும். அது நிதானமாகத் தண்ணீரில் வெந்தால் தானாகவே ஜெலட்டினாக இளகி, குழம்புக்கு அந்தக் கொழகொழப்பைக் கொடுக்கும். ஆட்டுக்கால் சாறு உதட்டில் ஒட்டுகிறது பாருங்கள், அது இதனால்தான். குக்கர் வைத்திருக்கிறவர்கள் விசிலைக் கூட்டினால் தீர்ந்தது. சுக்கா, வறுவல், சுடுகிற கறி என்று தண்ணீர் இல்லாமல் சீக்கிரம் எடுக்கிற பதார்த்தத்துக்கு மட்டும் பப்பாளியைக் கூப்பிடுங்கள்.

தயிரும் பப்பாளிக்காயும் சேர்த்து ஊறவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெகுநேரம் வைத்தால் தயிரில் இருக்கிற புரதத்தையும் அது அறுத்துக் கசப்பாக்கிவிடும். ஏதாவது ஒன்றைப் போடுங்கள். அப்புறம், இதை அழுத்தியே சொல்கிறேன். கர்ப்பமாக இருக்கிறவர்கள் பப்பாளிக்காய் சேர்த்ததைச் சாப்பிட வேண்டாம். அந்தப் பால் கருப்பையைச் சுருங்க வைப்பதை எலிகளிடம் செய்த சோதனையிலேயே பார்த்திருக்கிறார்கள். நம் பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லி வந்ததில் நியாயம் இருக்கிறது. ரப்பர் கையுறை போட்டால் அரிக்கும் என்கிறவர்களும் தள்ளியே இருங்கள், அவர்களுக்குப் பப்பாளியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அன்னாசியும் இதே ஜாதிதான். அதில் இருப்பது புரோமலைன். நமக்கு அன்னாசி பெரும்பாலும் கேரளாவில் இருந்துதான் வருகிறது. பச்சையாக அரைத்துக் கோழியில் பிசறினால் 20 நிமிஷம் போதும். டின்னில் வருகிற அன்னாசி சூடாக்கி அடைத்தது, அதில் ருசி இருக்கும், இளக்குகிற சக்தி இருக்காது.

சரி, இப்போது அத்தை சொன்னதற்கு வருவோம். கறியும் பழமும் வயிற்றில் சேர்ந்தால் பழம் புளித்து நொதிக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வயிற்றில் சுரக்கிற அமிலம் எலுமிச்சைச் சாற்றைவிடக் காட்டமானது, அதில் பழம் கிடந்து நொதிக்க வழி இல்லை. எது பழம், எது கறி என்று வயிறு தனித்தனியாகப் பிரித்து வைப்பதும் இல்லை. ஆனால் அத்தை சொன்னதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். கொழுப்பும் புளிப்பும் கூடினால் நெஞ்செரிச்சல், புளியேப்பம் வருகிறவர்கள் உண்டு. அத்தைக்கு அப்படி ஏதாவது பட்டிருக்கும், அதை வைத்துச் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குப் புளிப்பையும் கொழுப்பையும் குறைத்து வையுங்கள்.

நம்ம வீட்டுப் பழக்கம் இல்லை என்றார்களே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. கருவாட்டுக் குழம்பில் மாங்காய் போடாத வீடு நம் பக்கத்தில் உண்டா? மீன் குழம்பில் கரைத்து ஊற்றுகிற புளி ஒரு மரத்துப் பழம்தானே! தக்காளியும் அப்படித்தான். இன்னும் பார்த்தால் தக்காளி, பப்பாளி, அன்னாசி, மிளகாய் எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பொருட்கள். போர்ச்சுக்கீசியர்கள் இந்தியாவுக்கு வந்து போகத் தொடங்கிய பிறகு, 16ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னாலும்தான் நம் மண்ணுக்கு வந்தவை. மிளகாயை அடுப்படிக்குள் விட்ட நாம் பப்பாளியை மட்டும் வாசலில் நிறுத்த வேண்டியதில்லை.

மாங்காய் என்றதும் எனக்கு நிறையச் சொல்லத் தோன்றுகிறது. உவரி, இடிந்தகரைப் பக்கம் மாங்காய்க் காலத்தில் நெத்திலியும் மாங்காயும் போட்டு வைக்கிற குழம்புக்கு ஈடே இல்லை. மாங்காய் போடுகிற அன்றைக்குப் புளியைப் பாதியாகக் குறையுங்கள். நல்ல புளிப்பான மாங்காய் என்றால் புளியே வேண்டாம். தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றிக் குழம்பு கொதித்ததும் மாங்காயைத் தோலோடு நறுக்கிப் போடுங்கள். தோல் இருந்தால் துண்டு உடையாது. அது முக்கால் பதம் வெந்த பிறகு மீன். நெத்திலிக்கு இரண்டு கொதி போதும், சீலாத் துண்டுக்கு ஆறேழு நிமிஷம். மீனையும் மாங்காயையும் ஒன்றாகப் போட்டால், மாங்காய் வேகும் முன்னே மீன் உடைந்துவிடும்.

சாளைக் கருவாட்டுக்கு மாங்காயோடு பலாக்கொட்டையும் சேர்த்துப் பாருங்கள். பண்பொழி, செங்கோட்டைப் பக்கம் இருந்து பலாப்பழம் வருகிறபோது நமக்கு மாங்காயும் கிடைக்கும். ஆனால் பலாக்கொட்டையை வெறுந்தண்ணீரில் முதலில் வேகவைத்துக்கொள்ளுங்கள். புளிப்பில் போட்டால் எவ்வளவு நேரம் ஆனாலும் விறைப்பாகவே கிடக்கும். பருப்பு, கிழங்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். புளிப்பு அவற்றை மெத்தென்று ஆகவிடாது.

தால்சா வைக்கிற வரிசையும் இதனால்தான். மேலப்பாளையம், கடையநல்லூர் வீடுகளில் பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் வைக்கிற தால்சாவில் எலும்புக்கறி, பருப்பு, வாழைக்காய், கத்தரிக்காய், மாங்காய் எல்லாம் சேரும். முதலில் எலும்பும் பருப்பும், அப்புறம் வாழைக்காய், கத்தரிக்காய், கடைசியில்தான் மாங்காய். காயல்பட்டினத்துக் கல்யாணக் களறிச் சாப்பாட்டிலும் கறிக்குப் பக்கத்தில் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்த ஒரு வெஞ்சனம் வைப்பார்கள். காயல்பட்டினம் 1986இல் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போய்விட்டது, என் மனசில் அது இன்னும் நெல்லைச் சீமைதான். அந்தக் கொழுத்த கறிக்கு நடுவில் மாங்காய் நாக்கைக் கழுவி விடுகிற சுகத்தை அறிந்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கொழுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே புளிப்புப் பழம் நன்றாகப் பொருந்தும்.

எலுமிச்சைக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை, தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்கிற சொதிக் குழம்பு வைக்கத் தெரிந்தால் போதும். சொதியை இறக்கிய பிறகுதானே எலுமிச்சம்பழம் பிழிகிறோம்? கொதிக்கும்போது பிழிந்தால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும், மணமும் போய்விடும். தேங்காய்ப்பால் ஊற்றுகிற கோழிக்குழம்புக்கும் அப்படியேதான். ஈரல் வறுவலுக்கும் இறக்கிய பிறகு பிழியுங்கள். இப்படிப் பிழிகிறதற்குப் புளியங்குடிப் பழத்தை விட்டு வேறு பக்கம் நான் போகமாட்டேன்.

இனிப்புப் பழம் சேர்க்கிறது வெளியூர்களில் பெரிய சம்பிரதாயம். ஈரானில் மாதுளைச் சாற்றைக் காய்ச்சி வால்நட்டோடு கோழிக்கு ஊற்றுவார்கள். மொராக்கோவில் ஆட்டுக்கறியோடு உலர்ந்த பிளம்ஸ், பார்சிக்காரர்கள் வீட்டில் ஆட்டுக்கறியோடு உலர்ந்த ஆப்ரிகாட். நம் தேங்காய் அரைத்த குழம்பில் அந்த இனிப்பு ஒட்டாது, முயல வேண்டாம். மிளகு போட்டு வறுக்கிற கோழிக்கு மட்டும், கல்லில் வாட்டிய அன்னாசித் துண்டைக் கடைசி இரண்டு நிமிஷத்தில் சேர்க்கலாம். முன்னாலேயே போட்டால் சர்க்கரை அடிப்பிடித்துக் கருகிவிடும். குற்றாலம் சீசனில் ரம்புட்டான், மங்குஸ்தான் வாங்குகிறவர்கள் அதைக் கறியில் போடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், அந்த மென்மையான வாசனை மசாலாவில் காணாமல் போய்விடும். அப்படியே சாப்பிடுங்கள்.

புளிப்புப் பழம் போட்ட குழம்பை அலுமினியச் சட்டியில் வைக்காதீர்கள். மண்சட்டியோ எவர்சில்வரோ இருக்கட்டும்.

தங்கச்சி, வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் வாதாடாமல் தால்சாவில் இருந்து தொடங்குங்கள், அதை அவர்கள் மறுக்கமாட்டார்கள். பப்பாளிச் சுக்கா அடுத்த வாரம் ஆகட்டும். ஒரு முழுக்காய் அரைத்தால் விழுது நிறைய மிஞ்சும். ஐஸ் டிரேயில் ஒரு குழிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் ஊற்றி உறைய வையுங்கள். குளிரில் பப்பைன் சாகாது. அரைக் கிலோ கறிக்கு ஒரு கட்டி எடுத்துக் கரையவிட்டுப் பிசறுங்கள், அரை மணி ஆனதும் சட்டியைக் காயவைத்துவிடுங்கள்.