ராயல்டி எங்க போகுது?

எல்லாருக்கும் வணக்கம். எழுதினவர் தப்பு பண்ணவர்னு தெரிஞ்சா அவர் புத்தகத்தை என்ன பண்றதுங்கற இந்தத் தலைப்புல பேசறவங்க பொதுவா முதல் பத்து நிமிஷம் "படைப்பு வேற, படைப்பாளி வேற"ம்பாங்க, அடுத்த பத்து நிமிஷம் "அப்படி ஈஸியா பிரிச்சிட முடியாது"ம்பாங்க, அப்புறம் டீ வந்துரும். நான் அந்தப் பக்கமே போகல. எனக்கு இதுல முதல் கேள்வி ராயல்டி, அதாவது புத்தகம் வித்தா எழுத்தாளருக்குப் போற பங்கு, எங்க போகுதுங்கறதுதான். கணக்குப்பிள்ளை கேள்விதான், ஒத்துக்கறேன். ஆனா தத்துவம் பேசி தீராத பாதி விஷயம் இந்தக் கேள்வில தீந்துரும். மீதி பாதி தீராது, அதையும் மறைக்காம சொல்றேன்.

டேவிட் எட்டிங்ஸ்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஃபேன்டசி, அதாவது மாயாஜாலக் கதை படிக்கிறவங்களுக்கு அவரோட பெல்காரியட் வரிசை தெரிஞ்சிருக்கும், 1982ல இருந்து 84க்குள்ள அஞ்சு புத்தகம், லட்சக்கணக்கான பசங்க அதுல இருந்துதான் இந்த வகைக் கதைக்குள்ளயே வந்தாங்க. முதல் புத்தகம் எப்படி ஆரம்பிக்குதுன்னா, காரியன்னு ஒரு சின்னப் பையன், அப்பா அம்மா இல்ல, பெரியம்மா மாதிரி ஒருத்தங்கதான் வளக்கறாங்க, அவனோட முதல் ஞாபகமே ஒரு பண்ணைவீட்டு சமையல்கட்டுதான். அந்தச் சத்தம், அந்த வாசனை, அந்தக் கதகதப்பு. பெரியவனாகி எங்கெங்கயோ போனப்புறமும் சமையல்கட்டுன்னா அவனுக்கு மனசுல ஒரு இதம் வரும்னு எழுதிருப்பார். படிக்கிறப்ப நமக்கும் அந்த அடுப்பு பக்கத்துலயே உக்காந்துக்கலாம்போல இருக்கும்.

இதை எழுதினவரும் அவர் மனைவி லேயும் 1970ல தெற்கு டகோட்டாவுல, தத்தெடுத்த ரெண்டு பிள்ளைகளை அடிச்சுக் கொடுமைப்படுத்தின கேஸ்ல ஜெயிலுக்குப் போனவங்க. 11 குற்றச்சாட்டு, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க, ஆளுக்கு ஒரு வருஷம் தண்டனை, பிள்ளைகளை அவங்ககிட்ட இருந்து எடுத்துட்டாங்க. அப்ப அந்த ஊர் பேப்பர்ல எல்லாம் விலாவாரியா வந்த செய்திதான் இது. வெளிய வந்து டென்வர் போய் மளிகைக்கடையில வேலை பாத்தார், அப்புறம் எழுதினார், பெரிய ஆளானார், அத்தனை வருஷமும் யாரும் இந்தக் கதையை எடுக்கவே இல்ல. மனைவி 2007ல போயிட்டாங்க, அவர் 2009ல. அதுக்கும் பல வருஷம் கழிச்சுத்தான் பழைய பேப்பரை எல்லாம் தோண்டி எடுத்து வாசகர்களுக்குத் தெரிய வந்துச்சு.

தெரிஞ்சதும் வாசகர்கள் என்ன பண்ணாங்க? ஒரு கோஷ்டி "அந்தப் புத்தகமே சுமார்தாங்க, சின்ன வயசுல படிச்சதால பிடிச்சுது"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. இன்னொரு கோஷ்டி துப்பறியக் கிளம்பிட்டாங்க, அந்தப் பெரியம்மா கண்டிப்பா இருந்தது, இங்க ஒருத்தர் அதட்டினது எல்லாத்தையும் பொறுக்கி எடுத்து "பாருங்க, அப்பவே தெரிஞ்சுது"ன்னாங்க. யாருக்கும் அப்பவே ஒண்ணும் தெரியலைங்க! அந்தச் சமையல்கட்டு பக்கம் நல்ல பக்கம்தான். ஒரு குழந்தைக்கு என்ன வேணும்னு அந்த மனுஷனுக்குத் தெரியாம இல்ல, நல்லாவே தெரிஞ்சிருக்கு, வரி வரியா தெரிஞ்சிருக்கு, அதுதான் எனக்கு இதுல பயமா இருக்கிற விஷயம். புத்தகத்தை மட்டம் தட்டினா அந்த பயத்துல இருந்து நமக்குத் தப்பிக்க ஒரு வழி கிடைக்குது, அவ்வளவுதான்.

சரி, பணத்துக்கு வருவோம். எட்டிங்ஸ் சாகும்போது தான் படிச்ச ரீட் காலேஜுக்கு 1.8 கோடி டாலர் எழுதி வச்சுட்டுப் போனார், மொழி இலக்கியம் படிக்கிறவங்களுக்காக. டென்வர்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு 1 கோடி டாலர், குழந்தைகளோட ஆஸ்துமா சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும். குழந்தைகளோடதுங்க! இதை முதல் தடவை படிச்சப்ப என்ன நினைக்கிறதுன்னே தெரியல எனக்கு. அந்த ரெண்டு பிள்ளைகளுக்கு இதனால ஒண்ணும் திரும்பக் கிடைச்சிடாது, பரிகாரம்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா இன்னைக்கு நீங்க பெல்காரியட் செட் புதுசா வாங்கினா, அந்தப் பணத்தை வச்சு எட்டிங்ஸ் யாரையும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆள் இல்ல.

மேரியன் ஸிம்மர் ப்ராட்லி விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான், டார்க்கோவர் நாவல் வரிசை எழுதினவங்க, 1983ல வந்த மிஸ்ட்ஸ் ஆஃப் அவலான் நாவல் மூலமா அவ்வளவு பெண்களுக்கு நெருக்கமானவங்க. 1999ல இறந்துட்டாங்க. 2014ல அவங்க பொண்ணு, அம்மாவே தன்னைச் சின்ன வயசுல பாலியல் ரீதியா கொடுமைப்படுத்தினாங்கன்னு வெளிப்படையா சொன்னாங்க. கணவர் ப்ரீன் ஏற்கனவே குழந்தைகள் விஷயத்துல தண்டனை வாங்கி 1993ல ஜெயில்லயே செத்தவர். பொண்ணு சொன்னது வெளிய வந்தப்ப லண்டன்ல ப்ராட்லியோட ஈபுக்கெல்லாம் விக்கிற கோலன்ஸ் பதிப்பகம் என்ன பண்ணாங்கன்னா, புத்தகத்தைத் தூக்கல, அதுல வர்ற வருமானத்தை சேவ் த சில்ட்ரன் அமைப்புக்குக் கொடுக்கிறோம்னு அறிவிச்சாங்க. ஜானி லீ சிம்னர்னு ஒரு எழுத்தாளர், டார்க்கோவர் தொகுப்புல எழுதினதுக்குத் தனக்கு வந்த முன்பணத்தை எடுத்து பாலியல் வன்முறைக்கு ஆளானவங்களுக்கு உதவுற அமைப்புக்குக் கொடுத்துட்டாங்க. யாரும் மேடை போட்டுப் பேசல, செக் எழுதினாங்க. எனக்கு இந்த டைப் ஆளுங்களை ரொம்ப பிடிக்கும்.

இப்ப நீங்க எல்லாரும் எதுக்குக் காத்துட்டு இருக்கீங்கன்னு தெரியும். ஹாரி பாட்டர் எழுதின ரௌலிங்.

இங்க ஆள் உயிரோட இருக்காங்க, பணம் இன்னும் வந்துட்டு இருக்கு, செலவும் ஆயிட்டு இருக்கு. 2020 ஜூன்ல திருநர் விஷயத்துல அவங்க எழுதின கட்டுரையில இருந்து பேச்சா மட்டும் இருந்த வரைக்கும் "கருத்துதானே, விடுங்க"ன்னு சொல்ல முடிஞ்சுது. 2024ல ஃபார் விமன் ஸ்காட்லாண்ட் அமைப்புக்கு 70,000 பவுண்டு கொடுத்தாங்க, அந்த அமைப்பு போட்ட கேஸ்லதான் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் 2025 ஏப்ரல் 16 அன்னைக்கு சமத்துவச் சட்டத்துல பெண்ணுன்னா பிறப்பால பெண்ணுன்னு மட்டும்தான் அர்த்தம்னு தீர்ப்பு சொல்லுச்சு. அடுத்த மாசமே இதே மாதிரி கேஸ் நடத்தறவங்களுக்காகன்னு சொந்தப் பணத்துல ஒரு நிதியே ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க கேட்டா பெண்களோட உரிமைக்காகத்தான்னு சொல்வாங்க, அப்படி நம்புற பெண்கள் நிறைய பேரும் இருக்காங்க, எடின்பரோவுல பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரு மையமே நடத்தறாங்க, ஆதரவில்லாத குழந்தைகளுக்கான லூமோஸும் அவங்க ஆரம்பிச்சதுதான், இதெல்லாம் இல்லைன்னு நான் சொல்லல. ஆனா ஒரு திருநங்கை எந்த டாய்லெட்டுக்குப் போகணும், ஆஸ்பத்திரியில எந்த வார்டுல படுக்கணும்ங்கற அளவுக்கு அவங்க அன்றாடத்தைத் தொடற கேஸ் இது. என் பார்வையில இது தீங்கு. இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல சில பேர் ஒத்துக்க மாட்டீங்க, தெரியும்.

2022ல ஒருத்தர் அவங்ககிட்ட ட்விட்டர்ல, இத்தனை வாசகர்களை இழந்துட்டு எப்படித் தூங்கறீங்கன்னு கேட்டாங்க. ராயல்டி செக்கைப் பாத்தா வலி போயிடுதுங்கற மாதிரி ஒரு பதில் போட்டாங்க. ஜோக்குதான். ஆனா நான் கேக்கிற கேள்விக்கு எழுத்தாளரே நேரா பதில் சொன்ன ஒரே கேஸ் இதுதான்!

படத்துல ஹாரி பாட்டரா நடிச்ச டேனியல் ராட்கிளிஃப் 2020ல ஒரு அறிக்கை விட்டார், திருநர் பக்கம் நின்னு. அந்தக் கதையில உங்களுக்குன்னு ஏதாவது கிடைச்சிருந்தா அது உங்களுக்கும் புத்தகத்துக்கும் நடுவுல உள்ளது, அதை யாரும் தொட முடியாதுன்னு வாசகர்களுக்கு ஆறுதலும் சொன்னார். அலமாரியில ஏற்கனவே இருக்கிற புத்தகத்துக்கு அது நூத்துக்கு நூறு சரி. பத்து வயசுல அழுதுக்கிட்டே படிச்சதை யாரும் திருப்பி வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. ஆனா அடுத்து வாங்கப் போறதுக்கு நடுவுல ஒரு பில் கவுண்டர் இருக்கே. எச்பிஓ புதுசா எடுக்கிற ஹாரி பாட்டர் சீரிஸ்க்கு அவங்களும் ஒரு தயாரிப்பாளர்.

"லைப்ரரில எடுத்துப் படிச்சா?"ன்னு தம்பி கேக்கறார். நல்ல கேள்வி. பிரிட்டன்ல லைப்ரரியில ஒரு புத்தகம் இரவல் போற ஒவ்வொரு தடவையும் எழுத்தாளருக்கு சில பென்ஸ் போகும், ஆனா வருஷத்துக்கு 6,600 பவுண்டுக்கு மேல யாருக்கும் கிடையாது, ரௌலிங் அளவு ஆளுக்கு அது டீ செலவு. நம்ம ஊர்ல அந்த முறையே இல்ல. அதனால தாராளமா எடுங்க, பழைய புத்தகக் கடையில வாங்குங்க, அக்கா பிள்ளைக்கு உங்க பழைய செட்டைக் கொடுங்க.

"நான் ஒருத்தன் வாங்கலைன்னா அவங்களுக்கு என்ன குறைஞ்சிரும்"னு ஒரு வாதம் உண்டு. கணக்குப்படி ஒண்ணும் குறையாதுதான். பேப்பர்பேக் ஒண்ணுல எழுத்தாளருக்குப் போறது விலையில பத்துல ஒரு பங்கு கூட பெரும்பாலும் வராது. ஆனா கம்பெனிக்காரங்க பாக்கறது உங்க ஒரு காப்பியை இல்ல, கூட்டத்தை. ருரோனி கென்ஷின்னு ஜப்பான் காமிக்ஸ் தொடர் வரைஞ்ச வாட்சுகி மேல 2017ல குழந்தைகள் ஆபாச வீடியோ வச்சிருந்ததுக்காக கேஸ் ஆச்சு, அடுத்த பிப்ரவரில 2 லட்சம் யென் அபராதம், அதாவது ஒரு லட்சத்து சொச்சம் ரூபாய், ஜூன்லயே பத்திரிகையில தொடர் திரும்ப ஆரம்பிச்சாச்சு, 2023ல புது அனிமே. வாசகர் கூட்டம் கலையலைன்னு தெரிஞ்சுதான் இவ்வளவு சீக்கிரம் நடந்துச்சுன்னு நான் நினைக்கிறேன்.

தீராத பாதின்னு சொன்னேனே, அது இதுதான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின, ஹாரி பாட்டர் படிக்கிற ஹாக்வார்ட்ஸ் பள்ளி பேர் போட்ட டீஷர்ட்டுக்கு ராயல்டி பூஜ்யம். ஆனா அதைப் போட்டுட்டு நீங்க வாசகர் வட்டத்துக்கு வர்றீங்க, அங்க ஒரு திருநம்பி உக்காந்திருக்கார், சின்ன வயசுல உங்களை மாதிரியே அந்தக் கதைக்குள்ள போய் ஒளிஞ்சவர். அவருக்கு அந்த டீஷர்ட் என்ன சொல்லுதுங்கறதை என் கணக்கு நோட்டுல எந்தப் பக்கத்துல எழுதறதுன்னு எனக்குத் தெரியல. கழட்டி வச்சுட்டு வாங்கன்னும் சொல்ல மாட்டேன், அவர்கிட்டயே கேளுங்கன்னும் சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் சர்டிஃபிகேட் கொடுக்கிற வேலை அவருக்கு எதுக்கு? நான் போட்டுக்கறது இல்ல, அவ்வளவுதான் சொல்ல முடியும். புத்தகம் வீட்ல இருக்கு, மூணாவது பாகத்தைப் போன மழைக்காலத்துல கூட எடுத்துப் படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு.

பேசினது போதும், கேள்விக்கு வருவோம். கென்ஷின் பேரைச் சொன்னதுல இருந்து அந்த மூலையில நாலு பேர் முறைச்சுட்டே இருக்கீங்க, முதல் மைக் உங்களுக்குத்தான்.