80 பேர் மூச்சா, ஒரே ஒரு விரலா? டிரம் கோருக்குள் கரண்ட் நுழைந்த கதை

[திரையில்: இரவு விளக்குகளில் ஒரு அமெரிக்கக் கால்பந்து மைதானம்]

மைதானத்தில் 70, 80 பேர் நிற்கிறார்கள். கையில் டிரம்பெட், மெல்லோஃபோன், டியூபா என்று பித்தளைக் குழல்கள். கோடை முழுக்க வெயிலில் ஓடி ஓடிப் பழகியவர்கள். கடைசி சுரத்தை அடிவயிற்றிலிருந்து ஊதுகிறார்கள். அதே நொடியில், மைதானத்தின் ஓரத்தில் ஒரு பையன் சின்தசைசரில், அதாவது மின்சாரத்தில் சத்தம் உண்டாக்கும் கீபோர்டில், ஒரு கட்டையை ஒரு விரலால் அமுக்குகிறான். கடைசி வரிசை நாற்காலி வரைக்கும் அதிர்கிறது. கூட்டம் எழுந்து கைதட்டுகிறது.

கைதட்டல் யாருக்கு?

இந்தக் கேள்வியை வைத்து அமெரிக்காவில் ஒரு ரசிகர் கூட்டம் இருபது வருடங்களாக அடித்துக்கொள்கிறது. இன்றைக்கு நாமும் அதில் தலையை விடப்போகிறோம்.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிரம் கோர் என்பது பித்தளை வாத்தியம், தாள வாத்தியம், கொடி வீசி ஆடுபவர்கள், இந்த மூன்றும் சேர்ந்த அணிவகுப்புக் குழு. வேர் ராணுவத்தில். போரிலிருந்து திரும்பிய வீரர்களின் சங்கங்கள் வளர்த்த கலை. டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் முதல் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. இளைஞர்கள், வயது வரம்பு உண்டு, ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் கட்டிவிட்டுப் பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்துத் தூங்குகிறார்கள். காட்சி மொத்தம் பன்னிரண்டு நிமிடம்கூட இருக்காது. அவ்வளவுதான் முன்கதை.

[திரையில்: மரிம்பா, கட்டைகளை அருகில் காட்டவும்]

இதற்குள் கரண்ட் ஏன் நுழைந்தது என்று புரிய, இப்போது மரிம்பாவுக்கு வருவோம். மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, நூல் சுற்றிய உருண்டைக் குச்சியால் தட்டுகிற வாத்தியம். மைதானத்தின் முன் விளிம்பில், பிட் என்று சொல்லும் இடத்தில் நிற்கும். பின்னால் 80 பித்தளைக் குழல்களும் ஸ்னேர் டிரம் வரிசையும் முழங்கும்போது இந்த மரக்கட்டையின் சத்தம் யார் காதில் விழும்? அதனால் கெட்டியான குச்சியை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்தார்கள். மரத்துக்குப் பதில் சத்தம் தாங்கும் செயற்கைக் கட்டைகளைப் போட்டார்கள். இசை என்பதைவிட அது உடற்பயிற்சி மாதிரி இருந்தது.

2004-இல் மைக்குக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு திரும்பத் திரும்பக் கேட்டு, திரும்பத் திரும்ப மறுக்கப்பட்ட விஷயம் அது. மைக் வந்ததும் மென்மையான குச்சி வந்தது, நான்கு குச்சி பிடித்து வாசிக்கும் நுணுக்கம் காதில் விழுந்தது, மெல்லிய இடத்தை மெல்லவே வாசிக்க முடிந்தது. நம் ஊர் மேடையில் வீணைக்கு முன்னால் மைக் வைத்ததை யாராவது ஏமாற்று வேலை என்பார்களா? மாட்டார்கள். 2004-ஐத் திட்டுகிற பழைய ரசிகர்களுடன் எனக்கு உடன்பாடு கிடையாது. இந்த விஷயத்தில் மைக் கட்சிதான் நான்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வீடியோவையே இதற்காகத்தான் எடுத்தேன், மற்றதெல்லாம் சாக்கு.

[திரையில்: மைதானத்தின் வரைபடம், மேலிருந்து]

அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் அகலம் சுமார் 49 மீட்டர். ஒலி ஒரு நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஆக, பின்கோட்டில் அடிக்கும் டிரம் சத்தம் முன்கோட்டுக்கு வர 0.14 நொடி ஆகும். இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றுகிறதா? நிமிடத்துக்கு 160 தாள அடி வேகத்தில் வாசிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு அடியை நான்காகப் பிரித்தால் ஒரு துண்டு 0.09 நொடிதான். அதாவது டிரம் சத்தம் ஒன்றரைத் துண்டு பிந்தி வருகிறது. இந்த வேகத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

குழுவை நடத்துபவர் முன்னால் மேடையில் நின்று கையசைக்கிறார். பின்னால் இருக்கும் டிரம் வரிசை அந்தக் கையைப் பார்த்து அடிக்கிறது. முன்னால் இருக்கும் மரிம்பாக்காரர்களும் அதே கையைப் பார்த்து அடித்தால்? பார்வையாளருக்கு மரிம்பா முதலில் வரும், டிரம் பின்னால் தடுக்கி விழுந்துகொண்டே வரும்.

அதனால் மரிம்பாக்காரர்கள் கையைப் பார்ப்பதில்லை! கண் எதிரே ஒருவர் தாளம் போட்டுக்கொண்டிருக்க, அதை நம்பாமல், முதுகுக்குப் பின்னால் இருந்து வரும் டிரம் சத்தத்தைக் காதால் பிடித்து அதோடு வாசிக்கிறார்கள். அப்போது இரண்டு சத்தமும் சேர்ந்தே பார்வையாளரிடம் போகும். கண்ணைவிடக் காதை நம்பு என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். இதை முதன்முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இப்போது இதற்குள் கரண்ட்டை விடுங்கள். பின்கோட்டில் ஒருவர் தனியாக டிரம்பெட் ஊதுகிறார், உடம்பில் வயர்லெஸ் மைக். காற்றில் போகும் சத்தம் 0.14 நொடி எடுக்கும். ரேடியோ அலைக்குக் கிட்டத்தட்ட நேரமே தேவையில்லை, உடனே முன்னால் இருக்கும் ஸ்பீக்கருக்கு வந்துவிடும். ஒரே ஆள் ஊதுவது இரண்டு முறை காதில் விழுகிறது! மிக்ஸரில் தாமதம் சேர்த்துச் சரிசெய்யலாமே என்பீர்கள். சேர்க்கலாம். ஆனால் அவர் நிற்கவில்லையே, ஊதிக்கொண்டே முன்னால் ஓடி வருகிறார். எடுத்து வைக்கும் ஒவ்வொரு காலடிக்கும் கணக்கு மாறுகிறது. சவுண்ட் இன்ஜினியர்களுக்கு ஒரு லைக் போடுங்கள், பாவம்.

[திரையில்: சின்தசைசர், பெரிய சப்வூஃபர்]

2009-இல் அடுத்த கதவு திறந்தது. சின்தசைசர், பதிவுசெய்த ஒலித்துண்டுகளை வாசிக்கும் சாம்ப்ளர் எல்லாம் உள்ளே. உறுப்பினர் ஒருவர் நேரடியாக வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தற்செயலைப் பாருங்கள், அதே 2009-இல்தான் சாம்பியன்ஷிப் இண்டியானாபொலிஸில் இருக்கும் லூகஸ் ஆயில் ஸ்டேடியத்துக்குப் போனது. கூரை போட்ட கட்டடம். எதிரொலிக்கும் கட்டடத்துக்குள் சப்வூஃபரை, அதாவது கீழ் சுரத்தை அதிரவிடும் பெரிய ஸ்பீக்கரை, கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா?

வேடிக்கை ஒன்று. சின்தசைசரை உள்ளே விட்ட அதே விதிப்புத்தகம் புல்லாங்குழலையும் சாக்ஸபோனையும் வெளியிலேயே நிறுத்தியது. புல்லாங்குழல் மாதிரி சத்தம் போடும் பெட்டி இருக்கலாம், புல்லாங்குழல் இருக்கக் கூடாது.

நன்றாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் ஊரைச் சேர்ந்த புளூகோட்ஸ் குழு 2014-இல் 'டில்ட்' என்று ஒரு காட்சி போட்டது. பித்தளைக் குழுவும் சின்தசைசரும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களின் முழுக் கொத்தை அப்படியே சரித்து வளைத்தார்கள். மைதானமே ஒரு பக்கம் சாய்வது மாதிரி இருக்கும். ஊதுபவர்கள் மட்டும் அதைச் செய்ய முடியாது, சின்தசைசர் மட்டும் செய்தாலும் சப்பென்று இருக்கும். அந்த வருடம் அவர்களுக்கு இரண்டாம் இடம். 2016-இல் முதல் இடத்தையே பிடித்தார்கள்.

என் சண்டை வேறு இடத்தில். பித்தளைக் குழு உச்சத்தில் ஊதும் ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு சின்தசைசர் பேஸைத் தள்ளிவிடுகிறார்கள். டியூபா வரிசை மூச்சைப் பிடித்து, உதடு வீங்க, ஓடிக்கொண்டே தாங்கிய அதே கீழ் சுரம். இனி அவர்கள் ஊதினார்களா, சும்மா வாயில் வைத்துக்கொண்டு நின்றார்களா என்று மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மரிம்பாவுக்கு வைத்த மைக் ஒருவர் உழைப்பை நம் காதுக்குக் கொண்டுவந்தது. இந்த பேஸ் உழைப்பின் மேல் போர்வை போட்டு மூடுகிறது. இரண்டையும் ஒரே பெயரில் திட்டுவதும் தப்பு, ஒரே பெயரில் பாராட்டுவதும் தப்பு.

செலவு? மிக்ஸர், கேபிள், ஸ்பீக்கர், லாரியில் இடம், எல்லாமே காசு. சின்னக் குழுக்கள் திணறுகின்றன.

நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். 2003-இன் ஒரு காட்சியையும் கடந்த சில வருடங்களில் வந்த ஒன்றையும் தேடி எடுத்து, அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, மைக் கட்சியா மூச்சுக் கட்சியா என்று கீழே எழுதுங்கள். தயவுசெய்து ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் அந்த பேஸ் கேட்கவே கேட்காது, அப்புறம் நான் எதற்கு இவ்வளவு கத்தினேன் என்று என்னைத்தான் கேட்பீர்கள்.