ஒரு நோய் இருந்தால் இன்னொன்று இல்லை என்றாகாது

அவையோர்க்கு வணக்கம்.

உடலெங்கும் பரவி நீடிக்கும் வலியும் சோர்வும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா அரிய நோயல்ல. நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு இருக்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் கணக்கு. அளக்கும் கோல் மாறினால் இந்த எண்ணும் மாறும். 1990-இல் வகுத்த முறைப்படி, உடலில் 18 புள்ளிகளை ஏறக்குறைய 4 கிலோ அழுத்தத்தில் அமுக்கிப் பார்ப்பார்கள். 11 இடங்களில் வலிக்க வேண்டும். அழுத்தவலி பெண்களுக்கு எளிதில் தெரியும் என்பதால் ஆண்கள் பலர் விடுபட்டார்கள். 'பெண்கள் நோய்' என்ற பேச்சு அப்படித்தான் வேரூன்றியது. 2010-இல் அமுக்கும் சோதனையைக் கைவிட்டதும் ஆண்களின் பங்கு கூடியது.

2016-இல் திருத்திய முறையில் 19 இடங்களில் எத்தனை வலிக்கின்றன என்று எண்ணுகிறோம். சோர்வு, தூங்கியும் தெளியாத அயர்ச்சி, நினைவுத் தடுமாற்றம் மூன்றுக்கும் தலா 3 வரை மதிப்பெண். தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்தால் தலா 1. வலி 7 இடங்களுக்குக் குறையாமல், மதிப்பெண் 5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். வலி 4 முதல் 6 இடங்களில்தான் என்றால் மதிப்பெண் குறைந்தது 9 வேண்டும். உடலின் ஐந்து பகுதிகளில் நான்கிலாவது வலி பரவி, மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும்.

தலைவலியும் வயிற்று வலியும் இந்தப் பட்டியலில் தற்செயலாக வரவில்லை. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைப் பெருக்கிவிடுவதே இந்நோயின் அடிப்படை. ஒற்றைத்தலைவலி, ஐ.பி.எஸ். எனப்படும் குடல் கோளாறு, தாடைமூட்டு வலி ஆகியவை இதோடு அடிக்கடி சேர்ந்து வருவதற்கும் அதுவே முக்கியக் காரணம்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது, மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் முடக்குவாதத்தோடு ஃபைப்ரோமயால்ஜியா சேரும்போது நேரும் பிழை. முடக்குவாத நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இதுவும் இருக்கிறது. முடக்குவாதத்தின் தீவிரத்தை அளக்கும் 'டாஸ் 28' கணக்கில் தொட்டால் வலிக்கும் மூட்டுகள், வீங்கிய மூட்டுகள், அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி., நோயாளியே தரும் மதிப்பீடு ஆகிய நான்கும் சேரும். ஃபைப்ரோமயால்ஜியா முதலாவதையும் கடைசியையும் மட்டும் ஏற்றிவிடும். மொத்த எண்ணைப் பார்த்து, அழற்சி அடங்கவில்லை என்று மருந்தைக் கூட்டுவார்கள், வலியோ குறையாது. வலிக்கும் மூட்டு 14, வீங்கியது 1 என்றால் அங்கேயே நிதானியுங்கள். சந்தேகம் தீராவிட்டால் மூட்டை அல்ட்ராசவுண்டில் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஃபைப்ரோமயால்ஜியா மூட்டை வீங்கச் செய்யாது, ஈ.எஸ்.ஆரை ஏற்றாது. இந்நோய் உள்ளவருக்குப் புதிதாக மூட்டு வீங்கினாலோ காய்ச்சலோ எடை இழப்போ வந்தாலோ, பழைய நோயின் தலையில் போடாமல் புதிதாகத் தேடுங்கள். சோர்வு மிகுந்தால் தைராய்டைச் சோதியுங்கள். குறட்டை விடுகிறாரா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று உடன் உறங்குபவரிடம் கேளுங்கள்.