உலக்கை நின்ற கதை

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் முப்பது வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் நான். அறிவியலை மக்களிடம் எப்படிக் கொண்டு போவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கொண்டு போன லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2019 டிசம்பர் 26, சூரிய கிரகணம். கோவை, திண்டுக்கல் பக்கம் வளையமாகவே தெரிந்தது. சென்னையில் பகுதிக் கிரகணம்தான். காலை எட்டு மணிக்கே கிரகணக் கண்ணாடிகளோடு தெருமுனையில் நின்றேன். பொடியன்கள் பத்துப் பேர் வந்தார்கள். மீதிக் கூட்டமெல்லாம் எதிர்வீட்டு ஆயா வாசலில். பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர், நடுவில் உலக்கை. யாரும் பிடிக்காமல் நெட்டுக்குத்தாக நிற்கிறது. "கிரகணம் வுட்டதும் தானா சாஞ்சுடும் சார்" என்றார் ஆயா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஈர்ப்பு மையம், அடிப்பரப்பு என்று பத்து நிமிடம் பொழிந்தேன். ஒருவரும் அசையவில்லை. உலக்கையும் அசையவில்லை.

மறுநாள் போய், "ஆயா, இன்னிக்கும் நிக்குதான்னு பாக்கலாமா?" என்றேன். நிறுத்தினோம், நின்றது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆயா உலக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நேத்து புடிச்ச கிரகணம், அதுக்குள்ள எறங்கிடுமா இன்னா?" என்றார். யோசித்தால் அது மட்டமான பதிலே இல்லை. ஒரே ஒரு சோதனை போதாது என்று எந்த ஆய்வாளரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

அதைவிடக் கெட்டிக்காரக் கேள்வி காசிமேட்டிலிருந்து வந்தது. ஆயாவின் தம்பி மகன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், என்னிடம் படித்தவரும்கூட. "சூரியனும் சந்திரனும் சேந்து இழுக்குது, அதான் அமாவாசைக்குக் கடல் ஏறுதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க? கடலையே இழுக்கறது தம்மாத்தூண்டு உலக்கைய நிறுத்தாதா?"

என்னிடம் அப்போது பதில் இல்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கடலை ஏற்றும் அந்த இழுவிசை, சூரியனுடையதும் சந்திரனுடையதும் சேர்த்தே, உலக்கையின் எடையில் ஒரு கோடியில் இரண்டு பங்குகூடத் தேறவில்லை. மூன்று கிலோ உலக்கை மேல் நம்மூர்க் கொசு ஒன்று உட்கார்ந்தால் அதைவிடக் கனம். கடல் ஏறுகிறதென்றால், அந்தத் துளி இழுப்பு ஆயிரக்கணக்கான மைல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் ஒதுக்குவதால்தான். அப்படியும் நம் கரையில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்.

இவ்வளவும் சொன்னேன். அவரோ கொசுவை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தார். "அப்போ கிரகணம் இல்லாத அமாவாசைக்கும் நிக்கணுமே சார்?" பார்த்தார், நின்றது. அஷ்டமியிலும் நின்றது. பிறகு அவரே உலக்கையைத் தலைகீழாகத் திருப்பி அத்தைக்குக் காட்டினார்: அடியில் இரும்புப் பூண், குத்திக் குத்தித் தட்டையாகத் தேய்ந்திருந்தது. தானாகச் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று விசாரித்தால், தெருவிலேயே ஒருவரும் இல்லை. கிரகணம் விட்டதும் யாராவது எடுத்து வைத்துவிடுவார்களாம்.

2022 அக்டோபர் 25, சாயங்காலக் கிரகணம். ஆயா மறுபடியும் தாம்பாளம் வைத்தார். "தெனம்தான் நிக்குது, தெரியும் சார். பசங்களுக்கு வேடிக்கையா இருக்கட்டுமே" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? என் கண்ணாடிகளையும் அவர் வாசலுக்கே கொண்டுபோய்விட்டேன்.

நம்மூரில் இது புது வேலையும் இல்லை. மதராஸ் வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கப் போவதை விளக்கி இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். பிரசங்கமாக இல்லை, இருவர் உரையாடுவதுபோல. எதிராளியையும் பேச விட்டிருக்கிறார், மனிதர்.

அப்புறம், முதல் கிரகணம் வந்த இந்த டிசம்பர் 26. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. 2023இல் எண்ணூரில் ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்ததும் டிசம்பர் 26 இரவுதான். தேதியே ராசியில்லை என்கிறார்கள். நான் இப்போதெல்லாம் மறுத்துப் பேசுவதில்லை. 2015 வெள்ளம் எந்தத் தேதி என்று கேட்கிறேன். டிசம்பர் 1. வர்தா புயல்? 2016 டிசம்பர் 12. மிக்ஜாம்? 2023 டிசம்பர் 4. வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர்களே தேதி தெரியாமல் விழிக்கிறார்கள். நாம் எண்ணுவது 26ஐ மட்டும்.

ஆனால் அந்த எண்ணூர் இரவு எனக்கு வேறு காரணத்துக்காக உறுத்துகிறது. பெரியகுப்பத்தில் கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடினார்கள். துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரைந்துவிடும், அதனால்தான் ஈரத்துணி. 'அமோனியா நீரில் மிகுதியாகக் கரையும்' என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பையன்களும் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். ஈரத்துணி என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

வணக்கம்.