விசை அழுந்தும்வரை உறங்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். லோட் ஷெடிங் என்றால் என்ன என்று டர்பன்வாசிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்சாரம் போன நேரத்தில் மடிக்கணினியின் பேட்டரியைக் காலி செய்வது நாம் திறந்துவைத்த பெரிய மென்பொருள்கள் மட்டுமல்ல. கண்ணில் படாமல் பின்னணியில் ஓடும் சின்னஞ்சிறு கருவிகளுக்கும் அதில் பங்குண்டு.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் காவடித் திருவிழா அறிவிப்பு அடிப்பவரின் தமிழ்த் தட்டச்சுக் கருவியையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழ் விழுகிறது. விசை அழுந்தியது அதற்கு எப்படித் தெரியும்? நொடிக்கு நூறு முறை தானே போய்ப் பார்க்கலாம். அப்படிச் செய்தால், யாரும் தட்டாத வேளையிலும் கணினியின் செயலி (பிராசசர்) ஆழ்ந்து உறங்க முடியாது. அல்லது, இயங்குதளத்திடம் சொல்லிவைத்துவிட்டு உறங்கலாம். விசை அழுந்தியதும் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் எழுப்பிவிடும். நல்ல நிரல் என்று நான் சொல்வது இதைத்தான்.

விண்டோஸில் இத்தகைய கருவிகள் பல 'ஹுக்' (கொக்கி) போட்டுக் காத்திருக்கின்றன. நாம் தட்டும் ஒவ்வொரு விசையும் முதலில் அந்தக் கருவியிடம் போய், பிறகுதான் ஆவணத்துக்கு வரும். கருவி தாமதித்தால் எழுத்தும் தாமதிக்கும். குறித்த நேரத்துக்குள் அது பதில் தராவிட்டால், விண்டோஸ் 7 முதல் அந்த ஹுக்கைச் சத்தமின்றிக் கழற்றிவிடவும் கூடும். நன்றாக வந்துகொண்டிருந்த தமிழ் திடீரென்று நின்று ஆங்கிலமே விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லினக்ஸில் 2002இல் வந்த 'ஈபோல்' என்னும் வசதி, நிரல் காத்திருக்கும் வாயில்களில் (விசைப்பலகை, வலைத்தொடர்பு போன்றவை) செய்தி வந்தவற்றை மட்டும் சொல்லும். பழைய 'செலக்ட்' வசதி போலப் பட்டியல் முழுவதையும் ஒவ்வொரு முறையும் துழாவாது.

மாக் கணினியில் 2013இல் வந்த 'ஆப் நாப்' வசதி, மறைந்திருக்கும் மென்பொருள்களின் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. வெவ்வேறு நேரத்தில் செயலியை எழுப்பும் டைமர்களை ஒன்றுசேர்த்து ஒரே வேளையில் எழுப்பும் ஏற்பாடும் அதே ஆண்டில் வந்தது. 2019 முதல், பிற மென்பொருள்களில் நாம் தட்டுவதை ஒரு கருவி கவனிக்க நம் அனுமதி வேண்டும். இதை நான் மனமார வரவேற்கிறேன். விசையைக் கேட்கும் காது கடவுச்சொல்லையும் கேட்கும் அல்லவா?

இன்று ஒன்று செய்து பாருங்கள். எதையும் தட்டாமல், எந்த நிரல் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரையோ மாக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரையோ திறந்து வையுங்கள். அப்போதும் செயலியை விடாமல் பிடித்திருக்கும் தட்டச்சுக் கருவியை நீக்கிவிடுங்கள். அதற்கு மாற்றாக, தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 10இலும் மாக்கிலும் உள்ளேயே இருக்கிறது. மாக்கில், ஆங்கில எழுத்தின் ஒலிப்படி தட்டும் அஞ்சல் முறையும் உண்டு.