கட்டணமில்லா மேடையின் கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

நாடகத்தைப் பற்றிப் பேசும்போது எழுதியவரை நினைக்கிறோம், நடித்தவரை நினைக்கிறோம். தயாரிப்பாளரை மட்டும் 'பணம் போட்டவர்' என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறோம். அந்த வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதைக் காட்டவே நியூயார்க்கின் ஜோசப் பேப்பை இன்று பேச எடுத்துக்கொண்டேன். கையில் காசில்லாமல் தயாரிப்பாளர் ஆனவர் அவர். தம் நாடகத்தை யார் பார்க்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குரிய பணத்தை எங்கே திரட்டுவது என்று வாழ்நாளெல்லாம் அலைந்தவர்.

1921இல் புரூக்ளினில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெட்டி செய்யும் தொழிலாளி. பொது நூலகத்தில் காசு கொடுக்காமல் ஷேக்ஸ்பியரைப் படித்து வளர்ந்த அந்தப் பிள்ளை, புத்தகத்தைப் போலவே நாடகமும் எல்லார்க்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று பின்னாளில் வாதாடியதில் வியப்பில்லை. பகலில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் மேடை மேலாளர் வேலை. 1954இல் நகரின் கீழ்க் கிழக்குப் பகுதித் தேவாலயம் ஒன்றில் ஷேக்ஸ்பியர் பயிலரங்கு. 1957இல் ஒரு லாரியின் மேல் மேடை கட்டிக்கொண்டு நகரின் பல பகுதிகளுக்கும் போனார். அந்த லாரி நகரின் பெரிய பூங்காவான சென்ட்ரல் பார்க்கில் பழுதாகி நின்றதால்தான் நாடகம் அங்கேயே தங்கிவிட்டது என்பார்கள்.

மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரைப் பொதுவுடைமைத் தொடர்பு குறித்துக் கேள்வி கேட்டது. மற்றவர்களின் பெயர்களைச் சொல்ல அவர் மறுத்தார், சிபிஎஸ் வேலை போயிற்று. தொழிற்சங்கத்தின் துணையோடு நடுவர் முன் வழக்காடி அதைத் திரும்பப் பெற்றார்.

அடுத்து வந்த மோதலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1959இல் நகரப் பூங்காக்களின் ஆணையராக இருந்தவர் ராபர்ட் மோசஸ். நியூயார்க்கின் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் தம் விருப்பப்படி கட்டிய, மேயர்களே எதிர்க்கத் தயங்கிய மனிதர். பேப்பின் இலவச நாடகத்துக்கு வரும் கூட்டம் மிதிப்பதால் பூங்காவின் புல் அழிகிறது, அதைச் சீர்செய்யச் செலவாகிறது, ஆகவே நுழைவுக் கட்டணம் வசூலித்து நகரத்துக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்றார் அவர். தொகை பெரிதன்று, ஓரிரு டாலர்தான். விவரமறிந்த வேறு எந்தத் தயாரிப்பாளரும் அதற்கு இணங்கியிருப்பார், இணங்கியதற்காக யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். பேப் வழக்குத் தொடுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையரின் நிபந்தனை நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. அந்தக் கோடையிலேயே பூங்காவில் 'ஜூலியஸ் சீசர்' கட்டணமின்றி அரங்கேறியது. 1962இல் அங்கே நிலையான திறந்தவெளி அரங்கமே எழுந்தது.

இலவச நாடகத்துக்குப் பார்வையாளர் காசு தருவதில்லை. ஆனால் நடிகருக்குச் சம்பளம் உண்டு, விளக்குக்கு மின்கட்டணம் உண்டு. ஆகவே கட்டணம் வாங்குபவரைவிட, வாங்காதவருக்கே கணக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பேப் அதைப் பட்டுத்தான் கற்றார். லஃபாயெட் தெருவில் இடிபட இருந்த பழைய ஆஸ்டர் நூலகக் கட்டடத்தை வாங்கி, 1967இல் பப்ளிக் தியேட்டரைத் திறந்தபோது முதல் நாடகம் 'ஹேர்' என்ற இசை நாடகம். அது நியூயார்க்கின் வணிக நாடக அரங்குகளான பிராட்வேக்குப் போய்ப் பெரும் பணம் ஈட்டியது. ஆனால் தயாரிப்பு வேறு கைக்கு மாறிவிட்டதால் அதை முதலில் மேடையேற்றிய அரங்குக்குச் சிறு பங்கே வந்தது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்தது 'எ கோரஸ் லைன்' என்ற இசை நாடகம். நடன அமைப்பாளர் மைக்கேல் பென்னட் 1974இல் நடனக் கலைஞர்களை இரவெல்லாம் உட்காரவைத்து அவர்களின் வாழ்க்கைக் கதைகளை ஒலிநாடாவில் பதிவு செய்திருந்தார். கையில் நாடகம் இல்லை, பாட்டு இல்லை. நாடாக்கள் மட்டுமே இருந்தன. பேப் இடம் கொடுத்து, ஒத்திகையிலேயே நாடகம் உருவாகட்டும் என்று கலைஞர்களுக்கு வாரச் சம்பளமும் கொடுத்தார். இப்படியொரு முடிவை எடுப்பதில்தான் ஒரு தயாரிப்பாளரின் கலை இருக்கிறது என்பேன். 1975இல் அது பிராட்வேக்கு மாறியபோது தயாரிப்பைத் தம் அமைப்பின் கையிலேயே வைத்துக்கொண்டார். 6,137 காட்சிகள், 1990 வரை ஓடிற்று. அங்கே டிக்கெட் வாங்கியவர்களின் பணம், இங்கே புதிய எழுத்தாளர்களின் நாடகங்களையும் பூங்காவின் இலவசக் காட்சிகளையும் பல ஆண்டுகள் தாங்கியது.

திரையில் அந்த வெற்றி வாய்க்கவில்லை. 1973இல் அவருடைய ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பிறகு, அதே நாடகத்துக்கு பிராட்வேயில் டிக்கெட் விற்பனை சரிந்து, காட்சிகள் விரைவில் நின்றன. பூங்காவில் 1980இல் வெற்றிபெற்ற 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' என்ற இசை நாடகம் 1983இல் படமானது. திரையரங்குக்கு வந்த நாளிலேயே கட்டணத் தொலைக்காட்சியிலும் அது வெளியானதால், திரையரங்க உரிமையாளர்கள் பலர் திரையிட மறுத்தார்கள். படம் தோற்றது. இன்று உலகெங்கும் நடக்கும் அதே சண்டை அது. ஆனால் அந்நாளில் அதன் விலையை ஒரு படமே கொடுக்க வேண்டியிருந்தது.

1990 ஏப்ரலில் 'எ கோரஸ் லைன்' நின்றது; அமைப்பின் பெரிய வருவாயும் அதோடு போயிற்று. பேப்பின் உடலில் புற்றுநோய் இருந்தது. அதே ஆண்டில், ஆபாசம் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த மத்திய அரசின் கலை நிதியை, கலைஞர்களைத் தணிக்கை செய்ய அது வழிவகுக்கும் என்று சொல்லி அவர் மறுத்தார். 1991 அக்டோபர் 31 அன்று காலமானார். சென்ட்ரல் பார்க் அரங்கில் ஷேக்ஸ்பியரைக் காண அதன் பிறகும் யாரும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கவில்லை.